இரவில் காகிதம் கொண்டுவந்த சார்ஜென்ட்

அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் தன் தொலைபேசிப் பேச்சுகளை டேப்பில் பதிவுசெய்து வைத்திருந்தார். எதிர்முனையில் பேசியவர்களில் பலருக்கு அது தெரியாது. இன்று அந்தப் பதிவுகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். போன ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில், வீடு தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 1964 மே 27-ஆம் தேதிப் பதிவுகள் இரண்டை மட்டும் ஏழெட்டு முறை கேட்டிருப்பேன்.

முதல் அழைப்பு செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலுக்கு. ஜார்ஜியாக்காரர், செனட்டின் ராணுவக் குழுத் தலைவர், ஜான்சனுக்கு அரசியல் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஜான்சன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாமா முறை. வியட்நாமைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஜான்சன் கேட்கிறார். இதைப்போல ஒரு மோசமான சிக்கலை நான் பார்த்ததே இல்லை என்கிறார் ரஸ்ஸல். அந்த நாடு நமக்கு எவ்வளவு முக்கியம்? துளிகூட முக்கியமில்லை என்று பதில் வருகிறது. வெளியேற ஒரு வழிகூடச் சொல்கிறார் ரஸ்ஸல்: அமெரிக்கர்களே, போய்விடுங்கள் என்று சொல்லக்கூடிய ஓர் ஆளை தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோனில் ஆட்சிக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும், அவன் சொன்னான் என்று நாமும் கிளம்பிவிடலாம்.

அப்போதுதான் ஜான்சன் தன் வீட்டில் வேலை செய்யும் ஒரு சார்ஜென்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். அந்த ஆளுக்கு ஆறு பிள்ளைகள். அந்த ஆறு பிள்ளைகளின் தகப்பனை அங்கே அனுப்புவதை நினைத்தால் முதுகுத்தண்டு சில்லிட்டுப் போகிறது என்கிறார். எனக்கும் அப்படித்தான் என்கிறார் ரஸ்ஸல். "அதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை" என்று ஜான்சன் சொல்லும்போது அந்த டெக்சாஸ் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் அதே பேச்சு. அந்த சார்ஜென்ட் தனக்கு உடுப்பு எடுத்துவைப்பதையும் இரவில் படிக்க வேண்டிய காகிதங்களைக் கொண்டுவந்து தருவதையும் சொல்லி, இவனை எதற்காக அங்கே அனுப்பச் சொல்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். "வியட்நாம் எனக்கு என்ன பெறும்? லாவோஸ் என்ன பெறும்? இந்த நாட்டுக்கு அது என்ன பெறும்?" பிறகு அந்த வாக்கியம்: சண்டை போடும் அளவுக்கு அது பெறும் என்று எனக்குத் தோன்றவில்லை, வெளியே வர முடியும் என்றும் தோன்றவில்லை.

என் பெரியப்பா ராணுவத்தில் இருந்தவர். இரண்டு வருடம் ஓர் அதிகாரியின் வீட்டில் ஆர்டர்லியாக இருந்தார். பூட்ஸுக்கு பாலிஷ் போடுவது, சீருடைக்கு இஸ்திரி போடுவது, ராத்திரி ஃபைல்களை மேஜையில் எடுத்துவைப்பது எல்லாம் அவர் வேலை. "சாப் மூஞ்சியப் பாத்தாலே பட்டாளம் எங்க போகப்போகுதுன்னு தெரிஞ்சிரும்டா" என்பார். அந்த மே மாதக் காலையில் உடுப்பு எடுத்துவைத்த சார்ஜென்ட் ஜனாதிபதியின் முகத்தைப் பார்த்திருப்பார் அல்லவா? என்ன தெரிந்திருக்கும்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஏனென்றால் அடுத்து நடந்தது நமக்குத் தெரியும். பத்து வாரம் கழித்து, கம்யூனிஸ்ட் வட வியட்நாமை ஒட்டிய டொங்கின் வளைகுடா. ஆகஸ்ட் 4 இரவு அமெரிக்கக் கப்பல்கள் மீது நடந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. ஆனாலும் ஆகஸ்ட் 7-ஆம் தேதி, போர் நடத்த ஜனாதிபதிக்கு முழுச் சுதந்திரம் தரும் தீர்மானம் கீழவையில் 416-0 என்றும் செனட்டில் 88-2 என்றும் நிறைவேறியது. அக்டோபரில் ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில், ஆசியப் பையன்கள் செய்ய வேண்டிய வேலைக்கு அமெரிக்கப் பையன்களை ஒன்பது பத்தாயிரம் மைல் தாண்டி அனுப்பப்போவதில்லை என்று ஜான்சன் ஓட்டுக் கேட்டார். 1965 மார்ச் 8-ஆம் தேதி டா நாங் கடற்கரையில் மரைன் படை இறங்கியது. ஜூலை 28 அன்று அங்கிருந்த 75,000 படையினரை 1,25,000 ஆக்குவதாக ஜான்சன் அறிவித்தார். 1967 முடியும்போது கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் அங்கே இருந்தார்கள்.

தலைவர்கள் ஒரு போரை நம்பித் தொடங்குகிறார்கள், பிறகு பட்டுத் தெரிந்துகொள்கிறார்கள், கடைசியில் மனம் மாறுகிறார்கள் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். படித்த புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின. இந்த டேப்புகளைக் கேட்ட பிறகு அது எனக்குச் சரியாகப் படவில்லை. வியட்நாம் விஷயத்தில் சந்தேகம்தான் முதலில் இருந்தது. உறுதி அதன்மேல் பிறகு பூசப்பட்டது. கடைசியில் பூச்சு உதிர்ந்ததை நாம் மனமாற்றம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஜான்சனுக்கு முன் ஜனாதிபதியாக இருந்த கென்னடியைப் பாருங்கள். 1951-ல் இளம் எம்.பி.யாக, தம்பி ராபர்ட்டையும் தங்கை பெட்ரீஷியாவையும் கூட்டிக்கொண்டு சைகோன் போனார். அந்த நாட்டை ஆண்டுவந்த பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தோற்றுக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தார். 1954 ஏப்ரலில் செனட்டில் பேசினார்: எங்கும் இருக்கிற, அதே நேரம் எங்கும் இல்லாத ஓர் எதிரியை, மக்களின் அனுதாபமும் மறைமுக ஆதரவும் உள்ள எதிரியை, எவ்வளவு அமெரிக்க ராணுவ உதவியாலும் வெல்ல முடியாது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. இரண்டு வருடம் கழித்து, 1956-ல், அதே மனிதர் தெற்கு வியட்நாமை தென்கிழக்கு ஆசியாவில் சுதந்திர உலகத்தின் மூலைக்கல் என்று வர்ணித்தார். ஜனாதிபதியான பிறகு போர்ப்படை அனுப்பச் சொன்னவர்களிடம், அது ஒரு கிளாஸ் குடிப்பது மாதிரி, போதை இறங்கியதும் இன்னொன்று வேண்டும் என்று மறுத்தார். ஆனால் 'ஆலோசகர்கள்' என்ற பெயரில் அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் பதவிக்கு வந்தபோது ஆயிரத்துக்கும் குறைவாக இருந்தவர்கள் அவர் சுடப்பட்டபோது சுமார் 16,000 பேர்.

1963 செப்டம்பர் 2-ஆம் தேதி தொலைக்காட்சிப் பேட்டியில், கடைசியில் பார்த்தால் இது அவர்களுடைய போர், ஜெயிப்பதோ தோற்பதோ அவர்கள் கையில்தான் இருக்கிறது என்றார். அதே பேட்டியில் சில நிமிடங்களுக்குள், விலகிவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, அது பெரிய தவறாகிவிடும் என்றும் சொன்னார். கென்னடி உயிரோடு இருந்திருந்தால் வெளியேறியிருப்பார் என்று ஒரு கட்சியும் மாட்டார் என்று ஒரு கட்சியும் இன்றுவரை வாதாடுவதற்கு இந்த ஒரே பேட்டி போதும். அவர் உள்ளே இரண்டு பேராகவே இருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, தெரிந்தும் ஏன் போனார்கள்? அதற்கான பதிலும் அந்த மே 27 டேப்பிலேயே இருக்கிறது. டெக்சாஸ் நண்பர் ஒருவர் தன்னிடம் சொன்னதை ஜான்சன் ரஸ்ஸலிடம் சொல்கிறார்: மக்கள் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், பலவீனமாக இருப்பதை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். ஓடிவருகிற ஜனாதிபதியைப் பதவி நீக்கம் செய்துவிடுவார்கள், இல்லையா என்றும் கேட்கிறார். 1949-ல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனதும், சீனாவைத் தொலைத்தது யார் என்று கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை ஜனநாயகக் கட்சிக்காரர்களைக் குடியரசுக் கட்சி வறுத்தெடுத்தது. அந்தச் சூடு பட்ட தலைமுறை இவர்கள். ஒரு பக்கம் ஆறு பிள்ளைகளின் தகப்பன், இன்னொரு பக்கம் தோற்றுப்போன ஜனாதிபதி என்ற பெயர். ஜான்சன் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தார் என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அந்தத் தராசில் வியட்நாம்காரன் ஒருவனுடைய பிள்ளைகள் ஏறவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ரஸ்ஸல் என்ன செய்தார்? போகாதே என்றவர், போன பிறகு, கொடி அங்கே போய்விட்டது, இனி பின்வாங்கக் கூடாது என்ற பக்கம் நின்றார். போருக்கு எதிராக இருந்த ஒருவரை ஆதரவாளராக்கப் போரைத் தொடங்கிவிட்டாலே போதும் போலிருக்கிறது.

இதை இன்னும் துல்லியமாகக் காட்டுவது கிளார்க் கிளிஃபோர்டின் கதை. ஜான்சனின் வழக்கறிஞர் நண்பர், அளந்து பேசுகிறவர். 1965 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை, கேம்ப் டேவிட் மாளிகையில் ஜான்சனை நேருக்கு நேர் எச்சரித்தார். தெற்கு வியட்நாமில் நாம் ஜெயிக்க முடியும் என்று நான் நம்பவில்லை; நாம் இன்னொரு லட்சம் பேரை அனுப்பினால் அவர்களும் அனுப்புவார்கள்; ஐந்து வருடம், கோடிக் கோடியாகப் பணம், 50,000 பேர், இது நமக்கு வேண்டாம் என்றார். அந்த எண்ணைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த 50,000 என்ற கணக்கு, போர் முடிந்த பிறகு சொன்னது கிடையாது. பெரும்படை போவதற்கு முன்பே சொன்னது.

மூன்று நாள் கழித்து ஜான்சன் படையை அனுப்பினார். கிளிஃபோர்டும் அதோடு மாறினார். இறங்கியாகிவிட்டது, இனி ஜெயித்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்சிக்குப் போனார். அந்த வருடக் கடைசியில் குண்டுவீச்சை நிறுத்திப் பார்க்கலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது எதிர்த்தவர் இவர்தான்.

1967 கோடையில் ஜான்சன் அவரையும் ஜெனரல் மேக்ஸ்வெல் டெய்லரையும் நட்பு நாடுகளிடம் இன்னும் படை கேட்டு வரச் சொல்லி அனுப்பினார். வியட்நாம் போனால் அடுத்தடுத்து எல்லா நாடுகளும் சீட்டுக்கட்டு மாதிரி சரியும் என்பதுதானே அன்றைய பாடம்? சரியப்போவதாகச் சொல்லப்பட்ட நாடுகளில் யாருக்கும் அவசரமே இல்லை. பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டாம் உலகப் போரில் 70,000 பேரை வெளிநாட்டுக்கு அனுப்பிய நியூசிலாந்து வியட்நாமுக்கு அனுப்பியிருந்தது 500 பேர். பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்லாத பயம் நமக்கு எதற்கு என்ற கேள்வியோடு கிளிஃபோர்ட் ஊர் திரும்பினார்.

1968 மார்ச் 1-ஆம் தேதி அவர் பாதுகாப்பு அமைச்சரானார். ஒரு மாதம் முன்புதான், வியட்நாமியப் புத்தாண்டான டெட் சமயத்தில் கம்யூனிஸ்ட் படைகளின் பெரும் தாக்குதல் நடந்திருந்தது; சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிரிகள் புகுந்திருந்தார்கள். ஜெனரல்கள் இன்னும் 2,06,000 பேரைக் கேட்டார்கள். கிளிஃபோர்ட் அவர்களை உட்காரவைத்துக் கேட்டார். இத்தனை பேர் போதுமா? தெரியாது. போதாவிட்டால் இன்னும் எத்தனை பேர்? தெரியாது. எதிரியும் அந்த அளவுக்கு ஆள் சேர்க்க முடியுமா? முடியும். சரி, ஜெயிப்பதற்கு என்ன திட்டம்? திட்டம் என்று எதுவும் இல்லை.

ஒரு வீடு கட்டக் கடன் கேட்டுப் போனால் வங்கி மேனேஜர் கேட்கும் கேள்விகள் இவை. மூன்று வருடமாக அந்த அறையில் இதை யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டு, பதில் வரும்வரை எழுந்திருக்காமல் இருந்ததில்லை. கிளிஃபோர்ட் அன்றிலிருந்து வெளியேறும் வழியைத் தேடினார். அதே மாதக் கடைசியில், ஜான்சன் 'ஞானிகள்' என்று கூட்டிய மூத்தவர்கள் குழு, முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் ஆச்சிசன் உட்பட, இனி முடியாது என்று சொன்னது. அதே குழு நவம்பரில் முழு ஆதரவு தந்திருந்தது. மார்ச் 31 இரவு ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, குண்டுவீச்சைக் குறைக்கிறேன், மறுபடி தேர்தலில் நிற்கவும் மாட்டேன் என்றார். கிளிஃபோர்ட் 1968-ல் தெரிந்துகொண்டது, 1965 ஜூலையில் அவரே சொன்னதுதான். சுற்றி வந்து பழைய இடத்தில் நிற்க மூன்று வருடம் ஆயிற்று.

இனி ராபர்ட் மெக்னமாரா. இவரைப் பற்றி எழுதும்போது என் கை நிதானமாக இருப்பதில்லை. ஃபோர்டு கார் கம்பெனியின் தலைவராக இருந்து பாதுகாப்பு அமைச்சரானவர், எண்களை நம்பியவர். 1962-ல், நம்மிடம் உள்ள எல்லா அளவீடுகளும் நாம் ஜெயித்துக்கொண்டிருப்பதையே காட்டுகின்றன என்றார். 1965 நவம்பர் 2-ஆம் தேதி மாலை, நார்மன் மாரிசன் என்பவர், போரை எதிர்க்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், பென்டகனில் அவருடைய ஜன்னலுக்குக் கீழே உடம்பில் தீ வைத்துக்கொண்டார். ஒரு வயதுகூட நிரம்பாத மகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார், குழந்தை பிழைத்தது. மெக்னமாரா வீட்டுக்குப் போய் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் அதைப் பற்றிப் பேசாமல் அடக்கிக்கொண்டதாகப் பிற்பாடு எழுதினார்.

அடுத்த மாதமே, டிசம்பரில், ஜான்சனிடம் அவர் சொன்னது: ராணுவத்தால் ஜெயிக்க வாய்ப்பு மூன்றில் ஒன்று, இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று. அப்படியானால் என்ன செய்தாலும் வெற்றி நிச்சயமில்லையா என்று ஜான்சன் கேட்க, ஆமாம், நாம் அளவுக்கு மீறி நம்பிவிட்டோம் என்றார். அன்றுவரை வியட்நாமில் இறந்த அமெரிக்கர்கள் 2,500-க்குள்தான். இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, எண்ணோடு தெரிந்துவிட்டது. பிறகும் கப்பல் கப்பலாக ஆள் போய்க்கொண்டிருந்தார்கள்.

1967 நவம்பர் 1-ஆம் தேதி மெக்னமாரா ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்: குண்டுவீச்சை நிறுத்துங்கள், படையை இதற்குமேல் கூட்டாதீர்கள், சண்டையை தெற்கு வியட்நாம்காரர்களிடம் ஒப்படையுங்கள். ஜான்சனிடமிருந்து பதில் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் மெக்னமாரா உலக வங்கிக்குத் தலைவராகப் போகிறார் என்ற அறிவிப்பு வந்தது. நானாக விலகினேனா, விலக்கப்பட்டேனா என்று இன்றுவரை தெரியாது என்பது அவருடைய சொல். பதவியின் கடைசி வாரத்தில் ஒரு மதிய விருந்தில், இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடத்தில் ஜெர்மனி மேல் போட்டதைவிட அதிகமாகக் குண்டு போடுகிறோம், ஒரு பலனும் இல்லை என்று குரல் உடைந்து பேசினார். கூட இருந்தவர்கள் அதிர்ந்துபோனார்கள்.

அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் வாயை மூடிக்கொண்டார். 27 வருடம். 1995-ல் வெளியான தன் நினைவு நூலில்தான், நாங்கள் செய்தது தவறு, படுமோசமான தவறு என்று எழுதினார். பதவியில் இருக்கும்போது ஜனாதிபதிக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பது அவர் தரப்பு. 1968 பிப்ரவரிக்குப் பிறகு யாருக்கு விசுவாசம்? அவர் உலக வங்கியில் உட்கார்ந்திருக்க, போர் இன்னும் நடந்துகொண்டிருந்த அந்த ஏழு வருடத்தில் ஒரு காலை எழுந்து பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, எனக்கு 1965 டிசம்பரிலேயே தெரியும் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் கடைசிவரை அந்தப் போர் சரி என்றே நம்பினார். அவரோடு எனக்கு ஒத்துப்போகாது, ஆனால் அவர்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவதில்லை. நம்பாமலே அனுப்பியதும், தெரிந்தும் பேசாமல் இருந்ததும்தான் எனக்குத் தாங்கவில்லை.

வெளிப்படையாக மாறியவர்களும் உண்டு. டொங்கின் தீர்மானத்தை செனட்டில் முன்னின்று நிறைவேற்றியவர் வில்லியம் ஃபுல்பிரைட். இதை வைத்துப் பெரிய போருக்குப் போய்விட மாட்டார்களே என்று சந்தேகப்பட்ட சக செனட்டர் ஒருவரை, அப்படியெல்லாம் ஆகாது என்று சமாதானப்படுத்தியவரும் அவரே. தான் ஏமாற்றப்பட்டது தெரிந்ததும் 1966 பிப்ரவரியில் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால் விசாரணை நடத்தி, நாட்டுக்கே கேட்கும்படி கேள்வி கேட்டார். ஜான்சனின் நட்பை அதற்கு விலையாகக் கொடுத்தார்.

ஆரம்பத்திலேயே எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த இரண்டு செனட்டர்கள், வேய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் குரூனிங்கும், 1968-ல் தங்கள் இடத்தை இழந்தார்கள். ஊரே அவர்கள் பக்கம் வந்து சேர்ந்துகொண்டிருந்த வருடம் அது.

நிக்சனை நீட்ட விரும்பவில்லை. 1954-ல் துணை ஜனாதிபதியாக இருந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டால் நாம் படை அனுப்ப வேண்டியிருக்கலாம் என்று முதலில் பேசியவர்களில் ஒருவர் அவர். ஜனாதிபதியாகிப் படையைத் திரும்ப அழைத்தவரும் அவரே. நடுவில் கம்போடியாவுக்குள் போரை இழுத்துக்கொண்டு போனார். 'கௌரவமான சமாதானம்' என்ற அவருடைய சொல்லுக்காகக் காத்திருந்த காலத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தான நாள் 1973 ஜனவரி 27. ஜான்சன் அதற்கு ஐந்து நாள் முன்பு தன் டெக்சாஸ் பண்ணையில் இறந்துபோயிருந்தார்.

சில வருடங்களுக்கு முன் அலுவலக வேலையாக வாஷிங்டன் போனபோது வியட்நாம் நினைவுச் சுவருக்குப் போனேன். அப்போது இந்த டேப்புகளை நான் கேட்டிருக்கவில்லை. கருங்கல் பளபளப்பில் என் முகமும் எனக்குப் பின்னால் புல்வெளியும் தெரிய, அதன்மேல் பெயர்கள், 58,000-க்கும் மேல். அகர வரிசை கிடையாது, பதவி வரிசையும் கிடையாது. இறந்த தேதி வரிசை. சுவரின் நடு மூலையில் 1959-ல் தொடங்கி, கிழக்குக் கை முடியும்வரை போய், மேற்குக் கையின் கடைசியிலிருந்து திரும்பி வந்து, அதே நடு மூலையில் 1975-ல் முடிகிறது. வியட்நாம்காரர்களுக்கு இப்படி ஒரு சுவர் கட்ட முடியாது. 1995-ல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணக்கு 11 லட்சம் போராளிகள், 20 லட்சம் பொதுமக்கள்.

இப்போது அந்தச் சுவரை மனசுக்குள் மறுபடி நடந்து பார்க்கிறேன், கையில் இந்தத் தேதிகளோடு. 1964 மே 27, ஜான்சன் சார்ஜென்ட்டைப் பற்றிப் பேசிய நாள், முதல் பலகையைத் தாண்டவில்லை. 1965 ஜூலை, கிளிஃபோர்ட் 50,000 என்று சொன்ன நாள், இன்னும் நடு மூலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன், எட்டி நீட்டினால் கை படும். 1965 டிசம்பர், மூன்றில் ஒன்று என்று மெக்னமாரா சொன்ன நாள், இன்னும் சில அடி. பிறகு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. கிழக்குக் கை 1968 மே 25-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் கிளிஃபோர்ட் மாறிவிட்டார், ஞானிகள் மாறிவிட்டார்கள், மெக்னமாரா போய்விட்டார், ஜான்சன் தேர்தலிலிருந்து விலகிவிட்டார். மேற்குக் கை முழுவதும் இன்னும் பாக்கி இருக்கிறது.